டைட்டிலில் 3, இரும்பில் 8

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினேன். அதன் உள் அலமாரி வேலையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. காகித வேலைதான் முழுக்க முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

1960களில் செய்த டிரெய்லர். அமெரிக்காவில் இவ்வளவு பழசு டைட்டிலோடு, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தோடு, கிடைப்பதே பெரிய விஷயம். எடை குறைந்த டிரெய்லருக்கு டைட்டிலே கொடுக்காத மாநிலங்கள் இன்றும் உண்டு. எனக்குக் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வண்டியின் அடையாள எண்ணைச் சரிபார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டைட்டிலில் கடைசி இலக்கம் 3. கதவோரத் தகட்டில் 8. தகடு வெறும் ரிவெட்டில் நிற்பது, யாரும் கழற்றி மாற்றியிருக்கலாம். அதனால் கொக்கிக்குப் பின்னால் உள்ள முக்கோணச் சட்டத்தில் குத்திய எண்ணைத் தேடினேன். அங்கே அடுக்கடுக்காகப் பெயின்ட். கிரைண்டர் பக்கத்திலேயே இருந்தது, நல்லவேளை எடுக்கவில்லை. குத்திய எழுத்துக்கு ஆழம் சொற்பம், ஒரே இழுப்பில் போய்விடும். எண்ணை அழித்த வண்டியோடு போய் நின்றால் யார் நம்புவார்கள்?

பெயின்ட் ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்ல மெல்ல எடுத்தேன். இரண்டு மாலை போயிற்று. பகலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டிய பிறகு டார்ச்சை இரும்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்ததும் எண்கள் நிழலாக எழுந்தன. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். 8 தான். அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தவரின் கை தவறியிருக்கிறது.

பேனாவால் இரண்டு வளைவு போட்டால் 3, 8 ஆகிவிடும் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. டைட்டிலில் அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தக் காகிதமே செல்லாமல் போகும். லேமினேட் செய்யவும் கூடாது, பின்பக்கம் கையெழுத்துப் போட முடியாது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தாலும் செலோடேப் ஒட்டாமல் பாலியெஸ்டர் உறைக்குள் வைத்துவிட்டேன்.

வண்டியைப் பதிவதற்கான இணையப் படிவம் அடுத்த தலைவலி. 17 எழுத்து எண் கேட்கிறது. அந்த 17 எழுத்து முறை அமெரிக்காவில் கட்டாயமானது 1981 மாடலிலிருந்துதான். அதில் ஐ, ஓ, க்யூ மூன்று ஆங்கில எழுத்துகளும் கிடையாது, 1, 0 இவற்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை. நேரில் போய்த்தான் பதிய வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம்: 1950கள் வரை சில மாநிலங்களில் இன்ஜின் எண்ணை வைத்தே பதிந்தார்கள். இடையில் இன்ஜினை மாற்றியிருந்தால் காகிதம் ஒரு வண்டி, கையில் இருப்பது இன்னொரு வண்டி. டிரெய்லருக்கு இன்ஜின் இல்லாதது இந்த ஒரு விஷயத்தில் வசதி.

டைட்டிலின் கீழே ஒரு வங்கிக் கடன் குறிப்பும் இருக்கிறது. கடன் என்றைக்கோ தீர்ந்திருக்கும், ஆனால் தீர்ந்ததற்கான கடிதம் இல்லை. வங்கியும் இப்போது இல்லை. வேறு வங்கியோடு இணைந்திருந்தால் அவர்களிடம் கேட்க வேண்டும். மூழ்கியிருந்தால் எஃப்டிஐசி எனும் வைப்புக் காப்பீட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். எது நடந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணை நேரில் சரிபார்க்க அடுத்த வாரம் அதிகாரிகள் வருகிறார்கள். அதுவரை அந்தச் சட்டத்துக்குப் பெயின்ட் இல்லை. துரு பிடிக்காமல் எண்ணின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.