இடது கார்னர், இடது தோள்

ஜூன் 8, 2025, ஞாயிறு

தோள் மூட்டு மறுபடி நழுவிவிட்டது. இந்த முறை மைதானத்தில்கூட இல்லை. தூக்கத்தில் கையைத் தலைக்கு மேல் போட்டுப் புரண்டேன், அவ்வளவுதான். கபடியில் என்றால் காரணம் புரியும். ஓரத்தில் நிற்கும் கார்னர்தான் என் இடம்; பக்கத்தில் நிற்பவன் கையைக் கோத்துச் சங்கிலி போட்டிருப்போம். ரெய்டர் அதை உடைத்துக்கொண்டு பாயும்போது கை விரிந்து பின்னால் இழுபடும். தோள் முன்பக்கமாக நழுவ அதைவிடத் தோதான நிலை கிடையாது. டீமில் யாராவது இழுத்து டக்கென்று போட்டுவிடுவார்கள், அடுத்த ரெய்டுக்கு நிற்பேன், கூட்டம் கைதட்டும்.

அப்பத்தா புத்தூர் கட்டு போடலாம் என்கிறது.

ஜூன் 14, சனி

டாக்டர் படுக்க வைத்து, பந்து எறிவதுபோல் கையை மடக்கி மெல்ல வெளியே திருப்பினார். வலிப்பதற்கு முன்பே என் முகம் மாறிவிட்டது. அந்தப் பயத்தைத்தான் பார்க்கிறாராம்.

தோள் மூட்டு, கரண்டியில் வைத்த எலுமிச்சை மாதிரி. கை எலும்பின் தலை பந்து; அது உட்காரும் கிண்ணம் சின்னது, ஆழமும் இல்லை. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற சவ்வு முன்பக்கம் பிய்ந்திருக்கிறது. இதை 1923-லேயே பேங்கார்ட் என்ற பிரிட்டிஷ் சர்ஜன் விளக்கியதால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். வெறும் கிழிசல் என்றால் சிறு துளை போட்டு, எலும்பில் ஆங்கர் என்ற நூல் கோத்த சின்ன ஆணி பதித்து, சவ்வை இழுத்துத் தைத்துவிடலாம். எனக்கு அது நிற்காது. சிடி ஸ்கேனில் கிண்ணத்தின் முன் விளிம்பு கால்வாசிக்குக் கிட்டத் தேய்ந்திருக்கிறது, பந்தின் பின்புறம் ஒரு பள்ளம் வேறு. ஒவ்வொரு முறை நழுவும்போதும் எலும்பும் எலும்பும் இடித்துத் தேய்ந்த கணக்கு அது. கைதட்டியவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டும்.

எனக்குச் சொன்னது லாட்டர்ஜே ஆபரேஷன். லாட்டர்ஜே பிரான்சின் லியோனைச் சேர்ந்த சர்ஜன், அவர் 1954-ல் எழுதிய முறை இது. தோள்பட்டை எலும்பின் முன்னால் நீட்டியிருக்கும் கோரகாய்டு முனையை, ஒட்டியிருக்கும் தசைநாரோடு வெட்டி, தேய்ந்த விளிம்பில் வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுவார்கள். எலும்பு கிண்ணத்தை அகலமாக்கும். கையை விரிக்கும்போது தசைநார் பட்டைபோல் இறுகிப் பந்தை முன்னால் வரவிடாது. யோசித்தவர் கெட்டிக்காரர்தான்.

ஜூன் 24, செவ்வாய்

முடிந்தது. கழுத்தில் மரத்துப்போகும் ஊசி, பிறகு முழு மயக்கம். கண் விழித்தபோது இடது இமை தொங்கியது, குரல் கம்மிவிட்டது. பக்கவாதமோ என்று அப்பா பதறிவிட்டார். ஊசியின் வேலைதான், தானாகச் சரியாகிவிடும் என்றார் நர்ஸ். ராத்திரி மரப்பு விட்டதும் வலி வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 5, சனி

தையல் பிரித்தாயிற்று. சாய்வு நாற்காலியில்தான் தூக்கம், அக்குளில் வியர்வை, பட்டன் வைத்த சட்டை மட்டும். விரல், மணிக்கட்டை அசைக்கலாம். எடை தூக்கி முழங்கையை மடக்கக் கூடாது; அந்தத் தசையின் ஒரு நுனி இடம் மாற்றிய எலும்பில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

கையைத் தொங்கவிட்டிருந்த ஸ்லிங் பட்டை போச்சு. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ வைத்த இடத்தில் இருக்கிறது. கைதான் குச்சியாகிவிட்டது. கம்பைப் பிடித்துக் கையை வெளியே திருப்பப் பழக்குகிறார் பிசியோ, கொஞ்சம் கொஞ்சமாக.

அக்டோபர் 12, ஞாயிறு

மேட்ச் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குத் தோள் நழுவியது, அவனுக்கு முதல் தடவை. இழுக்க வந்தவரிடம், "அண்ணே, எக்ஸ்ரே எடுக்காம தொடாதீங்க, எலும்பு உடைஞ்சிருக்கலாம், நரம்பு மாட்டியிருக்கலாம்" என்று சத்தமே போட்டேன். துண்டால் கையை உடம்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினோம்.

சாயங்காலம் அவன் அப்பா போனில், "முதல் தடவைக்கே ஆபரேஷனா தம்பி?" என்றார். அதை டாக்டர்தான் சொல்லணும், ஆனால் இந்த வயசில் கபடியும் தொடர்ந்தால் திரும்ப நழுவ வாய்ப்பு அதிகம், விளிம்பு தேய்வதற்குள் பார்த்தால் துளை போட்டுத் தைப்பதோடு முடியலாம் என்றேன். நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கிறார்களாம்.