வாசல் கேமரா: பூச்சிக்கு 6,000, ஆளுக்கு 900

நேற்று இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வாசல் கேமரா எடுத்த பதிவுகள் மொத்தம் மூன்று: இரண்டு பூனைகள், ஒரு பால்காரர். மூன்று வாரங்களுக்கு முன் இதே நேரத்துக்குள் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் குவிந்தன. கும்பகோணத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன். கைப்பேசிக்கு வரும் ஒவ்வோர் எச்சரிக்கையையும் நம்ப முடிய வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையை இவ்வளவு பிடிவாதமாகச் செய்தேன்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில், கேமராப் படத்தில் அசைவைக் கண்டால் பதிவுசெய்யும் மோஷன் மென்பொருள் ஓடுகிறது. கேமராவின் துணை ஓடை, அதாவது அது தரும் சிறிய அளவு வீடியோ, 640×480 பிக்சல் அளவில் நொடிக்கு ஐந்து ஃபிரேம் (தனிப்படம்) தருகிறது. முதலில் எல்லோரையும் போல நானும் த்ரெஷோல்டைத்தான், அதாவது எத்தனை பிக்சல்கள் மாறினால் அசைவு என்று கொள்ள வேண்டும் என்ற எல்லையைத்தான், உயர்த்தினேன். இயல்பாக உள்ள 1,500 போதாமல் 3,000, பிறகு 5,000 என்று ஏற்றியதில் எச்சரிக்கைகள் குறைந்தது உண்மைதான். ஆனால் ஒருநாள் விடியற்காலையில் பால்காரர் கேட்டைத் திறந்து, பாக்கெட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது எதுவுமே பதிவாகவில்லை என்பதைக் கண்டபோது, அதுவரை செய்த எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

மாறிய பிக்சல்களின் எண்ணிக்கையைப் படத்தின் மூலையிலேயே காட்டும் வசதி மோஷனில் உண்டு. அதை இயக்கி இரண்டு இரவுகள் குறிப்பெடுத்தேன். நாலு மில்லிமீட்டர் லென்ஸில், ஒன்பது மீட்டர் தள்ளியுள்ள கேட்டருகே நிற்கும் ஆள் ஏறத்தாழ 22 பிக்சல் அகலமும் 70 பிக்சல் உயரமும்தான் இருக்கிறார். புள்ளி நீக்கும் வடிகட்டியைக் கடந்த பின் அவருடைய எண் 900 அளவில் நிற்கிறது. கேமராவின் அகச்சிவப்பு விளக்கொளியில் மின்னியபடி கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் பறக்கும் விட்டில் பூச்சியோ 6,000ஐத் தொடுகிறது. மழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பினால் கணக்கே இல்லை. பூச்சியின் எண் ஆளின் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும்போது, எந்த த்ரெஷோல்டை வைத்தாலும் முதலில் விடுபடப்போவது ஆள்தான். அமைப்புப் பக்கத்தில் தீர்வு தேடிக்கொண்டிருந்தது தவறு. விளக்கை இடம் மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆகவே கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, தனியாக ஒரு 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கை இரண்டு மீட்டர் தள்ளிப் பக்கச்சுவரில், அதன் ஒளி கேமராவின் முகத்துக்கு நேரே கடக்காதபடி பொருத்தினேன். 940 வகையில் சிவப்பு மினுக்கம் தெரியாது என்றாலும், அந்த அலைநீளத்தில் கேமராவின் உணர்திறன் குறைவதால் கேட் வரை வெளிச்சம் எட்டாது. விளக்கை அணைத்ததும் சில கேமராக்கள் வண்ணப் படத்துக்குத் திரும்பிவிடும். என்னுடையதும் அப்படியே செய்ததால், இரவு முழுவதும் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கும்படி நேர அட்டவணை கொடுத்தேன். இப்போது பூச்சிகள் சுவர் விளக்கைச் சுற்றுகின்றன. சிலந்தியும் வலையை அங்கே மாற்றிக்கொண்டது.

அதன் பிறகுதான் த்ரெஷோல்டைத் துணிந்து 600க்கு இறக்க முடிந்தது. கூடவே, தொடர்ந்து நான்கு ஃபிரேம்களில் அசைவு இருந்தால் மட்டுமே பதிவு தொடங்கும்படி வைத்தேன். தப்பி வரும் பூச்சி ஓரிரு ஃபிரேமில் கடந்துவிடும், கேட்டைத் திறக்கும் மனிதருக்குச் சில நொடிகளாவது ஆகும். தொடக்கம் நறுக்கப்படாமல் இருக்க, முந்தைய 15 ஃபிரேம்களும் சேர்ந்து பதிவாகின்றன.

தெருவிளக்கில் ஆடும் தென்னை ஓலை நிழலுக்கு மாஸ்க் போட்டேன். படத்தின் அதே அளவில், ஒதுக்க வேண்டிய இடத்தைக் கறுப்பாகத் தீட்டிய பி.ஜி.எம். வகைப் படக் கோப்பு அது. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் சேமிக்கும்போது ‘ரா’ வகையைத் தேர்ந்தெடுங்கள். பிக்சல் மதிப்புகளை எழுத்துகளாகச் சேமிக்கும் ஆஸ்கி வகையை மோஷன் ஏற்பதில்லை. இதற்கே எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது.

கேபிள் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை ஒரு கடையில் முழுச் செம்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். முப்பது மீட்டர் தூரத்தில் மின்னழுத்தம் குறைந்து, இரவில் கேமரா தானாக அணைந்து எழுந்துகொண்டிருந்தது. கம்பி முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். அப்படி இல்லை என்று உறுதியான பிறகே பணம் கொடுங்கள்.

மழை இன்னும் தீராத சிக்கல். விளக்கொளியில் மின்னும் மழைத்தாரைகள் நான்கு ஃபிரேம் கட்டுப்பாட்டையும் தாண்டிவிடுகின்றன. அடுத்த முறை சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும்போது, உடல் வெப்பத்தின் அசைவை உணரும் ஒரு பி.ஐ.ஆர். சென்சார் வாங்கி, உடற்சூடும் பட அசைவும் ஒருசேர வந்தால் மட்டும் எச்சரிக்கை அனுப்பும்படி இணைத்துப் பார்க்கப் போகிறேன். சித்திரை வெயிலில் சுற்றுப்புறமே உடல் வெப்பத்தை நெருங்குவதால் அதன் எட்டும் தூரம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கொல்லைப்புறக் கேமராவுக்கு மாஸ்க் இன்னும் பாதிதான் தீட்டியிருக்கிறேன். அங்கே வாழை மரங்கள் வேறு இருக்கின்றன.