உறைந்த ஏரியில் பாதி வழி

போன ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மில் லாக்ஸ் ஏரிக்குப் போயிருந்தேன். எதிர்க்கரை கண்ணுக்கே எட்டவில்லை. தூரத்தில், உறைந்த ஏரியின் மேலேயே, மீன்பிடிக் குடில்களும், பக்கத்தில் நிறுத்திய பிக்கப் வண்டிகளும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அவை நிற்கின்றனவே, நாமும் போகலாம்தானே என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் மறுத்தார். அவர்கள் போன தடத்தில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நம் தடத்தை நாம்தான் அளக்க வேண்டும் என்றார்.

அந்த மாநில இயற்கை வளத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நடக்க 4 அங்குலம், சிறிய காருக்கு 9 முதல் 10, பிக்கப்புக்கு 13. ஆனால் இது புதிதாக உறைந்த, தெளிவான பனிக்கட்டிக்கு மட்டும்தான். பனிப்பொழிவு ஊறி உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பாதி பலம்தான், அதனால் இருமடங்கு கனம் வேண்டும்.

கரையோரத்தில் முதல் துளை போட்டார். கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டு, கட்டியின் அடிவிளிம்பில் மாட்டிப் பார்த்தால் 17 அங்குலம். உள்ளே எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பால் நிறம், அதற்குக் கீழே முழுக்கக் கண்ணாடி போலத் தெளிவு. சரி, கிளம்பலாம் என்றார்.

ஜன்னல்களை இறக்கிவிட்டோம், சீட் பெல்ட்டைக் கழற்றினோம். கட்டி உடைந்தால் வெளியேற அந்தச் சில நொடிகள்தான் இருக்கும். எங்கள் பிக்கப் வண்டி நடை வேகத்தில் ஊர்ந்தது. வேகமாகப் போனால் கட்டிக்கு அடியில் தண்ணீர் அலையாக எழுந்து, கரைக்கு அருகில் கட்டியையே உடைத்துவிடுமாம். நடுவில் இடி போல ஒரு சத்தம். எனக்கு நெஞ்சு அடைத்தது. குளிரில் கட்டி சுருங்கும்போதும் விரியும்போதும் இப்படி முழங்கும், இந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், நிறத்தைக் கவனியுங்கள் என்றார் அவர்.

சிறிது தூரத்துக்கு ஒரு முறை நிறுத்தி மறுபடி துளையிட்டார். 16, அப்புறம் 15. பிறகு பனித்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கி எழுப்பிய நீண்ட மேடு வந்தது. அதற்கு வெகுதூரம் முன்பே இறங்கி, கையில் உளியோடு தட்டித் தட்டி நடந்து போய் அளந்தார். 11.

குடில்கள் இப்போது நன்றாகவே தெரிந்தன. அவர் எதுவும் பேசவில்லை. வண்டியை மெதுவாகத் திருப்பினார். வந்த டயர் தடத்திலேயே கரைக்குத் திரும்பினோம்.