நிழல் போடாத நாயகர்கள்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று செயலாளர் கேட்டார். அதிபரையும் கிரிக்கெட் போட்டியையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். சித்திர வகுப்பை ஒருவரும் தொடமாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரியில் சித்திரம் எடுத்தவர்களே குறைவு.

சித்திர சேர் மேசையில் ஒரு செம்பு, இரண்டு கத்தரிக்காய், மடிப்பு விழுந்த துணி ஒன்று வைப்பார். "வெளிச்சம் எந்தப் பக்கத்தாலை வருது?" எப்போதும் இதுதான் முதல் கேள்வி. செம்பின் கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியை விட்டு, மற்றதையெல்லாம் பென்சிலால் மெல்ல மெல்ல இருட்ட வேண்டும். அதில் கெட்டிக்காரன் என் பக்கத்துக் கதிரைக்காரன். நான் கொப்பியின் பின்பக்கங்களில் இரும்புக்கை மாயாவி வரைந்துகொண்டிருப்பேன்.

முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே அந்த மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். உடம்பு வரைய வராதவனுக்கு இதைவிட நல்ல நாயகன் கிடைப்பானா? கையை வரைந்து, சுற்றிவர நாலு மின்னல் கோடு இழுத்துவிட்டால் கதை நடக்கும்.

ஒருநாள் சேர் கொப்பியைப் பிடுங்கினார். கிழிக்கப் போகிறார் என்றுதான் வகுப்பே பார்த்தது. அவரோ மேசைக்குக் கீழே இருந்த காமிக்ஸையும் வாங்கி, நின்றபடியே புரட்டினார். அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். "இவன் வலு விண்ணன். நீ இவன்ரை கோட்டை எடுத்திட்டாய், கறுப்பை விட்டிட்டாய்" என்றார் சேர். பக்கத்துக் கதிரைக்காரனுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அவன் நிழல் கட்சி, நான் கோட்டுக் கட்சி.

ரொறன்ரோ வந்து பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்கச் சித்திரக்கதைகளைப் புரட்டத் தொடங்கிய பிறகு, எங்கள் வாங்குச் சண்டை பெரிய இடத்துச் சண்டை என்று விளங்கியது. என் பக்கத்தில் அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் ஜாக் கேர்பி இருந்தார். 1961இல் தொடங்கிய 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' கதைகளை எடுத்துப் பாருங்கள். அவருடைய ஆள் குத்தினால் முஷ்டி தலையைவிடப் பெரிதாகப் பக்கத்தைத் தாண்டி வரும். விரல் நுனியெல்லாம் சதுரம். சக்தி வெடிக்கிற இடத்தில் கறுப்பு வட்டப் புள்ளிகள் கொத்துக் கொத்தாகக் கொதிக்கும். உடற்கூற்றியல் படித்தவர் தலையில் கை வைப்பார். ஆனால் அடி விழுந்தது படிக்கிறவனுக்குத் தெரியும்.

அந்தப் பாணிக்குக் காகிதமும் ஒரு காரணம். மலிவான பத்திரிகைத் தாள், மை ஊறிப் பரவும். நிறங்கள் புள்ளிபுள்ளியாக விழும், சிலவேளை சிவப்பு கோட்டைத் தாண்டி அயலுக்குப் போய்விடும். மெல்லிய நிழல் போட்டால் சேறாகிவிடும். தடித்த கறுப்புக் கோடுதான் படத்தைப் பிடித்து வைத்திருந்தது.

நிழல் கட்சி நண்பன் பக்கத்தில் ஓவியர் அலெக்ஸ் றொஸ். 1994இல் 'மார்வெல்ஸ்', 1996இல் 'கிங்டம் கம்'. நிஜ ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுத்து, அதைப் பார்த்துக் குவாஷ் என்ற அடர்த்தியான நீர்வண்ணத்தில் தீட்டுவார். சூப்பர்மேனுக்குக் காதோரம் நரை, உடையில் துணிச் சுருக்கம். 'கிங்டம் கம்' கதையில் வரும் பாதிரியாருக்கு, பாதிரியாரான தன் தகப்பனின் முகத்தையே கொடுத்தார். சேர் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். இப்போது லண்டனிலிருக்கும் அந்தப் பக்கத்துக் கதிரைக்காரன் தன் கட்சி வென்றுவிட்டதாகவே பேசுகிறான்.

நான் ஒப்பவில்லை. 'மார்வெல்ஸ்' தெருவில் நிற்கும் ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளனின் கண்ணால் பார்க்கிற கதை, அங்கே தத்ரூபம் பொருந்துகிறது. சரி, அது றொஸின் கெட்டித்தனம். அப்புறம் வந்த பலர் கணினியில் ஒவ்வொரு தசைநாரையும் தையலையும் தீட்டிவிட்டு, ஆளை அசையவிட மறந்துவிடுகிறார்கள். சண்டைக்கு நடுவிலும் நாயகன் கலியாண அல்பத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான்.

சூப்பர்மேனை முதலில் வரைந்த ஜோ ஷஸ்டர் 1914இல் இதே ரொறன்ரோவில் பிறந்தவர். காசில்லாத வீடு, எறிந்த சுவர்த்தாளின் பின்புறத்தில் வரைந்து பழகினார். பையனாக இங்கே விற்ற 'ஸ்டார்' பத்திரிகைதான் பிறகு சூப்பர்மேன் கிளார்க் கென்ட் என்ற சாதாரண ஆளாக வேலை செய்த 'டெய்லி ஸ்டார்' ஆனது. சூப்பர்மேன் முதலில் வந்த 1938 இதழின் அட்டையைப் பாருங்கள். சூப்பர்மேன் பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கி மோதுகிறார். முன்னால் ஒருவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவருகிறான். சூப்பர்மேனின் முகத்தில் சில கோடுகள்தான். ஆனாலும் அந்தக் காரின் பாரம் தெரிகிறது.

இந்த வருட ஒன்றுகூடலில் பிள்ளைகளின் சித்திரப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். தலைப்பு: எனக்குப் பிடித்த மாவீரன். ஆளுக்கு ஒரு தாளும் ஒரு கறுப்பு மார்க்கரும் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நிறப் பெட்டி எங்கே என்று கேட்கிற பெற்றோர் தயவுசெய்து செயலாளரிடம் போகவும்.