பழைய டேப்பில் வந்த வெள்ளைத் திரை

எங்கள் செயலியின் உள்நுழைவுப் பக்கத்தில் இருப்பவை இரண்டு பெட்டிகளும் ஒரு பொத்தானும்தான். ஆனால் மெதுவான இணைப்பில் அது திறக்கப் பல விநாடிகள் ஆயின. குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில், இறங்கிய நிரலில் எவ்வளவு இயங்கியது என்று பட்டையாகக் காட்டும் கவரேஜ் பகுதியைத் திறந்து பார்த்தேன். பட்டையின் பெரும்பகுதி சிவப்பு: இறங்கியும் இயங்காத ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அறிக்கைப் பக்கத்துக்கான வரைபட நூலகம் (படம் வரைய ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு), பிடிஎஃப் உருவாக்கும் நூலகம், நிர்வாகிகள் மட்டும் திறக்கும் பக்கங்கள் என்று அத்தனையும் ஒரே கோப்பில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த டேட்டாவுக்குப் பணம் கொடுப்பவர் பயனர். அதைப் படித்து இயக்கும் சுமையும் அவருடைய போனுக்குத்தான்.

வழி தெரிந்ததுதான். இன்னொரு கோப்பை உள்ளே இழுக்க, கோப்பின் தலையில் எழுதும் இம்போர்ட் வரியை எடுத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் இம்போர்ட்டை ஒரு ஃபங்ஷன் போல அழைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டுக்கான தரமான எக்மாஸ்கிரிப்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இது இருக்கிறது. அந்த அழைப்பைக் கண்டால், கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவியான வெப்பேக் அந்தப் பகுதியைத் தனித் துண்டாக்கிவிடும். நாங்கள் திரைகளைக் கட்டப் பயன்படுத்தும் ரியாக்ட் நூலகத்தின் 16.6ஆம் பதிப்பில் வந்த லேசி (தேவைப்படும்போது மட்டும் துண்டை இறக்குவது), சஸ்பென்ஸ் (அதுவரை வேறொன்றைக் காட்டுவது) இரண்டையும் கொண்டு, பக்கத்துக்கு ஒரு துண்டு என ஒரே நாளில் பிரித்துவிட்டேன்.

ஆனால் முதல் கோப்பின் அளவு குறையவே இல்லை. எந்தக் கோப்பில் எது கிடக்கிறது என்று படமாகக் காட்டும் பண்டில் அனலைசரை ஓட்டினேன். வரைபட நூலகம் முதல் கோப்பிலேயே இருந்தது. அறிக்கைப் பக்கத்தின் கோப்புக்குள் தேதியை வடிவமைக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்று இருந்தது. அதற்காக மேல்பட்டைக் கோப்பு தன் தலையில் ஓர் இம்போர்ட் வரியை வைத்திருந்தது. அந்த ஒரு வரியால் அறிக்கைப் பக்கம் முழுவதும் முதல் கோப்போடு ஒட்டிக்கொண்டது. ஃபங்ஷனைத் தனிக் கோப்புக்கு மாற்றினேன், துண்டு பிரிந்தது. உள்நுழைவுப் பக்கம் உடனே திறந்தது.

உண்மையான வேலை அடுத்த வெளியீட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது. சில பயனர்கள் அறிக்கையைத் திறந்தபோது வெறும் வெள்ளைத் திரை வந்தது. என் கணினியில் எத்தனை முறை முயன்றும் அது வரவில்லை. ஒரு பயனர் அனுப்பிய படத்தில் பிழைச் செய்தி இருந்தது: முதல் எழுத்திலேயே எதிர்பாராத கோணக் குறி (<). அப்போதுதான் புரிந்தது. துண்டுகளின் பெயரில் ஹேஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எழுத்துக் கோவை, இருக்கிறது. உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும். காலையில் உலாவியில் திறந்த டேப் பழைய பெயரைக் கேட்கிறது. புதிய வெளியீடு அந்தக் கோப்பை அழித்துவிட்டது. எங்கள் சர்வரோ, தெரியாத முகவரி எதுவானாலும் முகப்பு எச்டிஎம்எல்லை 200 (எல்லாம் சரி) என்ற பதிலோடு அனுப்பும்படி அமைந்திருந்தது. கோணக் குறியில் தொடங்கும் அந்த எச்டிஎம்எல்லை உலாவி ஜாவாஸ்கிரிப்டாகப் படிக்க முயன்று தோற்றது.

முதலில் சர்வரைத் திருத்தினோம்: இல்லாத ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கு 404 (கிடைக்கவில்லை) என்ற பதில். பழைய துண்டுகளைச் சில வெளியீடுகள்வரை அழிக்காமல் வைத்தோம். ஹேஷ் உள்ள கோப்புகளை உலாவி ஓராண்டு சேமிக்கலாம். முகப்பு எச்டிஎம்எல்லை மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்க வேண்டும் என்று, எதை எவ்வளவு நாள் சேமிக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் கேஷ் தலைப்புகளை மாற்றினோம்.

அப்படியும் துண்டு வராமல் போனால் என்ன செய்வது? தோற்றுப்போன பிராமிஸை (இம்போர்ட் அழைப்பு திருப்பித் தரும், பிறகு வரப்போகும் முடிவுக்கான பொருள்) லேசி நினைவில் வைத்துக்கொள்கிறது; மீண்டும் கேட்பதில்லை. அதனால் மறுமுயற்சியை இம்போர்ட்டை அழைக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுத வேண்டியிருந்தது. அதுவும் பலிக்காவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பொத்தான் வருகிறது. தானாகவே புதுப்பித்துவிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது, நான் மறுத்தேன். பாதி நிரப்பிய படிவத்தை ஒருவரிடமிருந்து கேட்காமல் பிடுங்கக் கூடாது.

சிறிய உரையாடல் பெட்டிகளையும் ஆர்வத்தில் தனித் துண்டுகளாக்கியிருந்தேன். சில கிலோபைட் மிச்சம். ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு காத்திருப்பு. அவற்றைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். அறிக்கைத் துண்டு, மெனுவின் மேல் சுட்டி வந்ததுமே இறங்கத் தொடங்குகிறது. பிடிஎஃப் நூலகம் பொத்தானை அழுத்திய பிறகே வருகிறது; அதுவரை அந்தப் பொத்தானிலேயே ‘தயாராகிறது’ என்று காட்டுகிறோம்.