மாமாவின் பிஸ்கட் டின்னில் ஹெலன் சுஸ்மன்

போன ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த் வீட்டில் மாமாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தோம். மாமா என்றால் என் மாமனார், வயது 84. பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி அவருடைய ஆயாவிடம் கேட்டுப் பழகிய நேட்டால் தமிழ். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வாழ வந்தவள், அதனால் அவர் தமிழுக்கு நான் சிரிப்பதும் என் தமிழுக்கு அவர் சிரிப்பதும் வீட்டில் வழக்கம். அலமாரியின் அடித்தட்டில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. தையல் சாமான் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே பழைய செய்தித்தாள் துண்டுகள். சிலவற்றில் மஞ்சள் கறை. டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் துணி ஆலையில் வேலை பார்த்த காலத்தில், மத்தியானச் சாப்பாடு சுற்றி வந்த தாளிலிருந்து கிழித்து வைத்துக்கொண்டதாம்.

பெரும்பாலான துண்டுகளில் ஒரே பெயர். ஹெலன் சுஸ்மன்.

பெயர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1953-இலிருந்து 1989 வரை, 36 வருடம், ஜோகன்னஸ்பர்க்கின் ஹவுட்டன் தொகுதி உறுப்பினர். வெள்ளையர்கள் மட்டும் உட்கார்ந்த நாடாளுமன்றம் அது. 1961 தேர்தலில் அவருடைய முற்போக்குக் கட்சியில் எல்லாரும் தோற்றுப்போக, அவர் மட்டும் 564 ஓட்டில் தப்பினார். அதற்கப்புறம் 13 வருடம், 1974-இல் கூட ஆறு பேர் வந்து சேரும் வரை, அந்தக் கட்சிக்கு அவையில் அவர் ஒருத்திதான்.

"நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை" என்றார் மாமா. எப்படிப் போடுவது, ஓட்டே கிடையாதே. 1946-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, இந்தியர்களுக்காக வெள்ளையர்கள் சிலர் நாடாளுமன்றத்தில் உட்காரலாம் என்று நீட்டினார்கள். அதே சட்டத்தில் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடும் இருந்தது. இந்த எலும்புத்துண்டு எங்களுக்கு வேண்டாம் என்று நேட்டால் இந்தியக் காங்கிரஸ் மறுத்துவிட்டுச் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. ஆக, ஹவுட்டனில் நீச்சல்குளம் வைத்த வீட்டுக்காரர்கள் அனுப்பிய ஒரு அம்மாதான், டர்பன் கேட்டோ மேனரில் தகர வீட்டில் இருந்த மாமாவின் குடும்பம் மாதிரி எத்தனையோ பேருக்காகவும் பேச வேண்டியிருந்தது.

சுஸ்மன் என்றாலே எல்லாரும் சொல்வது 1963-இன் 90 நாள் சட்டத்தை. வழக்கு, வக்கீல் எதுவும் இல்லாமல் ஒருவரை 90 நாள் அடைத்து வைக்கலாம், முடிந்ததும் மறுபடி 90 நாள். பெரிய எதிர்க்கட்சியே அரசோடு சேர்ந்துகொண்டது. வாக்கெடுப்பில் அவர்கள் எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போய்விட, காலியான பச்சை பெஞ்சுகளுக்கு நடுவே இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடமே, அந்தச் சட்டத்தில் பிடிபட்ட பாப்லா சலூஜி ஜோகன்னஸ்பர்க் போலீஸ் கட்டடத்தின் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து செத்தார். விழுந்தாரா, விழ வைத்தார்களா என்று இங்கே பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், குரல் தானாகத் தணிந்துவிடும்.

ஆனால் டின்னைக் கிளறக் கிளற எனக்குத் தோன்றியது வேறு. மாமா வெட்டி வைத்தவற்றில் ஆவேசப் பேச்சு குறைவு. அதிகம் இருந்தவை கேள்வி-பதில். சின்னச் சின்னக் கேள்விகள், அலுப்பூட்டும் கேள்விகள் என்றே சொல்லலாம். கறுப்பர்கள் அனுமதிச் சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தில் பிடிபட்டவர்கள் எத்தனை பேர்? தூக்கில் போட்டவர்கள் எத்தனை பேர், எந்த எந்த இனம்? இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரித்த குடியிருப்புப் பிரிவினைச் சட்டத்தில் எத்தனை குடும்பங்களை வெளியேற்றினீர்கள்?

இதில் இருக்கிற சூட்சுமத்தைப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பத்திரிகைக்காரர் சிறையைப் பற்றி எழுதினால், எழுதியது சரியென்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் 1959 சிறைச் சட்டத்தில் மாட்டுவார். அரசு தடை உத்தரவு போட்ட ஆள் சொன்னதை அச்சடிக்கவே முடியாது. ஆனால் அவையில் ஒரு உறுப்பினர் கேட்டு மந்திரி பதில் சொல்லிவிட்டால் அது ஹான்சார்டில், அதாவது அவையின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில், ஏறிவிடும், ஹான்சார்டில் ஏறியதைப் பத்திரிகை தாராளமாகப் போடலாம். எண்ணிக்கையைச் சொன்னதோ மந்திரியின் சொந்த வாய், பொய்ப் பிரசாரம் என்று யாரைப் பிடிப்பது? இன உறவு ஆய்வுக் கழகம் வருடாவருடம் போட்ட அறிக்கைகளைப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் ஹான்சார்ட் மேற்கோள்தான். வெளிநாட்டில் எங்கள் மானத்தை வாங்கத்தானே இந்தக் கேள்விகள் என்று ஒரு மந்திரி கோபப்பட்டதற்கு, மானத்தை வாங்குவது என் கேள்விகள் இல்லை, உங்கள் பதில்கள்தான் என்று இந்த அம்மா சொன்னதை மாமா இன்னமும் நடித்துக் காட்டுவார், விரலை ஆட்டிக்கொண்டு.

கேட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் நிறைய. 1966 செப்டம்பர் 6 அன்று பிரதமர் வெர்வூர்டை அவைக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொன்றபோது, இதெல்லாம் உங்களால் வந்ததுதான் என்று மந்திரி பி.டபிள்யூ. போத்தா சுஸ்மனைப் பார்த்துக் கத்தினார். வீட்டுக்கு ஃபோன் செய்து மிரட்டுகிறவர்களுக்காக ஃபோன் பக்கத்திலேயே ஒரு விசில் வைத்திருந்தாராம், காதைக் கிழிக்கிற மாதிரி ஊதிவிட்டு வைத்துவிடுவாராம். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

1967-இல் சுஸ்மன் ராபன் தீவுச் சிறைக்குப் போனது இன்னொரு கதை. முதல் அறையில் இருந்த கைதி எடி டேனியல்ஸ், எங்களிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், கடைசியில் இருக்கிற மண்டேலாவிடம் போங்கள் என்று அனுப்பிவைத்தாராம். கையில் ஸ்வஸ்திகா பச்சை குத்திய ஒரு காவலர் கைதிகளைப் படுத்துகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு, இதை அவையில் கிளப்புவேன் என்று மேலிடத்தில் சொன்னார். காவலரைத் தீவிலிருந்து மாற்றிவிட்டார்கள். சுஸ்மன் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மாமாவுக்கு அவர் மேல் கோபமும் உண்டு. எண்பதுகளில் உலகமே தென்னாப்பிரிக்கா மேல் பொருளாதாரத் தடை போட வேண்டும் என்றபோது, ஏழைக் கறுப்பர்களின் வேலைதான் போகும் என்று சுஸ்மன் எதிர்த்தார். "தடையாலே முதல்லே போயிருந்தா என் வேலைதான் போயிருக்கும், நானே கேட்கலை, அந்த அம்மாவுக்கு என்ன?" என்கிறார். எனக்கு இதில் மாமா பக்கம்தான். ஆனால் 1983 அரசியல் சட்டத்தை அவரும் எதிர்த்தார், மாமாவும் எதிர்த்தார். அது எங்களுக்கென்று தனி அவை ஒன்று கொடுத்தது, கறுப்பர்களுக்கு ஒன்றுமே இல்லை. 1984 தேர்தலில் பதிவு செய்திருந்த இந்தியர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார்கள். மாமா அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுச் சரி செய்துகொண்டிருந்தாராம். அவர் முதல் ஓட்டு 1994 ஏப்ரலில்தான்.

டின்னின் அடியில் ஒரு துண்டு, வெளியேற்றிய குடும்பங்கள் பற்றிய பதில். வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்று பத்தி. "இந்தியர்" பத்தியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மேல்பகுதி கிழிந்துபோனதால் கேட்டவர் பெயரும் தேதியும் இல்லை.

"இதையும் அவங்கதான் கேட்டாங்களா மாமா?"

"வேற யார்ம்மா கேட்பா?"

மற்ற எதிர்க்கட்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் ஹான்சார்ட் தொகுதிகளைப் புரட்டித் தேதி கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று எனக்கு உத்தரவு. பென்சில் கோடு எதற்கு என்று கேட்டேன்.

"அந்த எண்ணிக்கையிலே ஒண்ணு நாங்க" என்றார்.

அதற்குள் அத்தை பீன்ஸ் கறி ஆறுகிறது என்று கூப்பிட்டுவிட்டார்.