தோட்டத்துக்கு ஒரு தனி வரிசை

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைப் பற்றிய ஆய்வுகளைச் சில ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருகிறேன். நான் இருப்பது நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் வட்டத்தில், வயநாட்டு எல்லையை ஒட்டிய சேரம்பாடிப் பக்கம். இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் ஏராளமானோர் அந்தத் தீவிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஆகவே ஹட்டன், தலவாக்கலை, பதுளை என்று ஓர் அறிக்கை பேசும்போது அது எனக்கு வெளியூர்ச் சங்கதியாகப் படுவதில்லை. அங்கே முதலில் செடியை ஆராய்ந்தார்கள், வெகுகாலம் கழித்து ஆளை ஆராய்ந்தார்கள். இங்கே செடியோடு நின்றுவிட்டோம் என்பது என் எண்ணம்.

செடியைப் பற்றிய ஆராய்ச்சி காப்பியில் தொடங்குகிறது. 1869இல் இலங்கைக் காப்பி இலைகளில் புதிய நோய் ஒன்று தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த துவெய்ட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி, அதற்குக் காரணமான பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் சூட்டினார். விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே போனதால், 1880இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரை வரவழைத்தார்கள். இருபதுகளில் இருந்த அந்த இளைஞர் இரண்டு ஆண்டுகள் தங்கிச் செய்த வேலையை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் வரும் பூஞ்சை வித்துக்கள் அவற்றில் ஒட்டுகின்றனவா என்று பார்த்தார். இலையின் மேல் ஈரம் இருந்தால்தான் வித்து முளைக்கும் என்பதையும், முளைத்த இழை இலையின் அடிப்புறத்து நுண்துளை வழியாகவே உள்ளே நுழைகிறது என்பதையும் காட்டினார். எங்கள் பக்கத்து அராபிக்காச் செடிகளில் மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதங்களில் இலையைத் திருப்பிப் பார்த்தால், மேற்புறத்தில் வெறும் மஞ்சள் புள்ளியாகத் தெரிந்த இடம் அடியில் ஆரஞ்சுப் பொடியாக அப்பியிருக்கும். விரலால் தேய்த்தால் மஞ்சள்தூள் போல ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடியைத்தான் வார்ட் கண்ணாடியில் பிடித்தார்.

தோட்டத் துரைமார் எதிர்பார்த்தது மருந்து. வார்ட் சொன்னதோ, வித்து முளைக்காமல் தடுக்கலாமே தவிர, இலைக்குள் நுழைந்துவிட்ட பூஞ்சையை எடுக்க வழியில்லை என்பதும், மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே காற்றில் வரும் நோய்க்குப் பாதை திறந்துவிட்டது என்பதும்தான். அதைக் கேட்டு யாரும் மகிழவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இலங்கைக் காப்பி ஏறக்குறைய அழிந்தது. அதே காலத்தில் இந்தப் பக்கமும் காப்பியில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் இருக்கிறது என்று கிளம்பிய கம்பெனிகளின் பின்னால் ஓடிப் பணத்தைத் தொலைத்தார்கள்.

தேயிலையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டது காப்பியின் இடத்தைப் பிடித்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றி, பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் ஒருசேர வந்தபோது இரு கரையிலும் விஞ்ஞானிகள் கவ்வாத்து செய்த, அதாவது வெட்டிக் குறைத்த, செடியில் வரும் இளந்தளிரைக் காக்க வழி தேடினார்கள். அந்த நிலையம் தேர்ந்தெடுத்த டி.ஆர்.ஐ. 2025 (ஆண்டல்ல, ரக எண்) போன்ற ரகங்கள் இந்தப் பக்கத் தோட்டங்களிலும் பெயர் பெற்றவை.

ஆள் விஷயத்துக்கு வருவோம். 1911 குடிக்கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் பிரித்து எண்ணத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவினை பின்னால் அரசியலுக்கு எப்படிப் பயன்பட்டது என்பது தெரிந்ததே. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எண்ணுவது எப்போதும் நன்மைக்கே என்று நான் வாதிட வரவில்லை.

ஆனாலும் இலங்கைப் புள்ளிவிவரத் துறையின் ஒரு வழக்கம் பாராட்டுக்குரியது. நகரம், கிராமம் என்ற இரண்டோடு நிறுத்தாமல், 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேராவது உள்ள நிலத்தைத் தோட்டம் என்று மூன்றாவது பிரிவாக வைத்தார்கள். அதன் பயன் 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போதே தெரிந்தது: தோட்டங்களில் இறப்பு கூடியதை ஆய்வாளர்கள் கணக்குகளைக் கொண்டே நிறுவ முடிந்தது. 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7 சதவீதம். தனி வரிசை இல்லாதிருந்தால் இரண்டாவது எண் முதலாவதற்குள் மறைந்திருக்கும்.

இங்கே நடப்பது அந்த மறைதல்தான். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. நமது தேசியக் குடும்பநல ஆய்வில் நகரமும் கிராமமும்தான் உண்டு. எனவே லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டுக் குழந்தையும் ஏலக்காயும் மிளகும் விளையும் சொந்த நிலத்துக்காரர் வீட்டுக் குழந்தையும் ஒரே கிராமக் கணக்கில் கலந்து, நீலகிரி மாவட்டச் சராசரியாக வெளியே வருகிறார்கள்.

எங்கள் தெருவில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். குழந்தைக் காப்பகத்தை அவர் புள்ளக் காம்பரா என்பார். “அங்க புள்ளக் காம்பராவுல புள்ளைய விட்டுட்டுத்தான் மலைக்குப் போவோம் தம்பி. டிஸ்பென்சரி ஐயா வந்தா நிறுத்துப் பாத்து எழுதிக்குவாரு” என்றார். இங்கே அங்கன்வாடியிலும் எடை பார்த்து எழுதுகிறார்கள். அந்தப் பதிவேட்டில் குழந்தையின் வீடு தோட்டக் குடியிருப்பா இல்லையா என்பதற்கு ஒரு கட்டம் சேர்த்தால் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்குத் தனிக் கணக்கு எடுத்துவிடலாம். 2022இல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கு ஒப்படைக்க அரசு முடிவெடுத்த பிறகு, அந்தக் குடியிருப்புகளில் யார் யார், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது.